15 கினிக்குப் போன கல்யாண விருந்து

1898 நவம்பர் 11. லண்டன், ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக். கல்லூரியின் கச்சேரியில் அன்று ஒரு புதுப் படைப்பு அரங்கேற இருந்தது. எழுதியவர் அங்கேயே படித்து முடித்த 23 வயது இளைஞர். அன்றைய இங்கிலாந்தின் மிகப் பிரபலமான இசையமைப்பாளரான சர் ஆர்தர் சல்லிவன் அப்போது நோயாளி. ஆனாலும், என்னைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தாலும் வந்தே தீருவேன் என்று சொல்லி, வந்தும் விட்டார். அன்றிரவு தன் டைரியில் அந்தப் பையனின் மேதைமையைப் புகழ்ந்து எழுதினார். இசையைச் செய்து தள்ளுகிறவன் இல்லை, உண்மையான படைப்பாளி என்றார். வாத்தியங்களைக் கையாண்டதில் இருந்த வண்ணத்தைத் தனியாகக் குறித்துவைத்தார்.

அந்தப் பையனின் பெயர் சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர். அன்று அரங்கேறியது ‘ஹயவாதாஸ் வெட்டிங் ஃபீஸ்ட்’, ஹயவாதாவின் கல்யாண விருந்து. அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1855இல் வெளியிட்ட நெடுங்கவிதையின் ஒரு பகுதிக்கு, பாடகர் குழுவும் முழு வாத்தியக்குழுவும் சேர்ந்து பாடி வாசிப்பதற்காக அமைத்த இசை. சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் இதைப் பாடாத ஊர்ப் பாடகர் சங்கமே இல்லை என்கிற நிலை. ஹேண்டலின் ‘மெசையா’, மெண்டல்சனின் ‘எலைஜா’ இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பேசினார்கள். இசைப் பிரதி லட்சக்கணக்கில் விற்றது. எழுதியவருக்குக் கிடைத்தது 15 கினி. அதாவது 15 பவுனும் 15 ஷில்லிங்கும். நொவெல்லோ பதிப்பகத்துக்கு மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்து வாங்கிய ஒரே தொகை. ராயல்டி என்று ஒரு பென்னிகூட இல்லை.

கோல்ரிட்ஜ்-டெய்லரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த 15 கினியில் வந்து நிற்பார்கள். மேதை ஏமாந்தான், முதலாளி கொழுத்தான், 37 வயதில் செத்துப்போனான். கண்ணீர் வரவழைக்கும் கதை, பொய்யும் இல்லை. ஆனால் அவரை நெருக்கியது பணம் மட்டும்தானா? 23 வயதில் எழுதிய ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதச் சொல்லி ஒரு தேசமே ஒருவரைக் கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் இவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. யாரும் கேட்காதபோது அவர் எழுதியவற்றைக் கேட்டால் அது இன்னும் உறைக்கிறது.

குராய்டனில் ஒரு வயலின்

1875 ஆகஸ்ட் 15 அன்று லண்டன் ஹோல்பர்ன் பகுதியில் பிறந்தார். தந்தை டேனியல் ஹியூஸ் டெய்லர், மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனைச் சேர்ந்தவர். மருத்துவம் படிக்க லண்டனுக்கு வந்தவர். தாய் ஆலிஸ் ஹேர் மார்ட்டின், ஆங்கிலேயப் பெண். இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. குழந்தை பிறப்பதற்குள் டேனியல் ஆப்பிரிக்கா திரும்பிவிட்டார். தனக்கு ஒரு மகன் பிறந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது என்பது ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். ஆலிஸ், கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜின் பெயரைக் கொஞ்சம் மாற்றிப் போட்டு மகனுக்கு வைத்தார். வீட்டில் அவன் கோல்ரிட்ஜ்தான்.

வளர்ந்தது லண்டனுக்குத் தெற்கே குராய்டனில், குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் பெஞ்சமின் ஹோல்மன்ஸ் வீட்டில். கையில் வயலினைக் கொடுத்து முதல் பாடம் சொன்னவரும் இவரே. பள்ளியில் பையன்கள் ‘கோலி’ என்று கூப்பிட்டார்கள். கோல்ரிட்ஜின் சுருக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கரி என்று அர்த்தம்.

தேவாலயப் பாடகர் குழுவில் இந்தப் பையனின் குரலும் வயலினும் ஹெர்பர்ட் வால்டர்ஸ் என்பவரின் கவனத்துக்கு வந்தன. 1890இல், 15 வயதில், அவர் முயற்சியால் ராயல் காலேஜில் இடம் கிடைத்தது. அப்போதைய இயக்குநர் ஜார்ஜ் குரோவ், பையனின் நிறத்தைக் கண்டு மற்ற மாணவர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ என்று தயங்கியதாகச் சொல்வார்கள். சேர்ந்தது வயலின் மாணவனாக. பிறகு இசையமைப்புக்கு மாறி, அதற்கான உதவித்தொகையையும் 1893இல் வென்றார்.

இசையமைப்பு ஆசிரியர் சார்லஸ் வில்லியர்ஸ் ஸ்டான்ஃபோர்டு. அயர்லாந்துக்காரர், முன்கோபி, யாரையும் எளிதில் பாராட்டாதவர். ஒருநாள் தாழ்வாரத்தில் ஒரு மாணவன் டெய்லரின் நிறத்தைச் சொல்லி ஏசியது அவர் காதில் விழுந்தது. டெய்லரை அறைக்குள் அழைத்துப் போய், அவனுடைய உடம்பு முழுக்க இருப்பதைவிட உன் சுண்டுவிரலில் அதிக இசை இருக்கிறது என்று தேற்றினாராம். உடன் படித்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் பின்னாள் ஆங்கில இசையே அங்கே உட்கார்ந்திருக்கிறது. குஸ்டவ் ஹோல்ஸ்ட், ரால்ஃப் வான் வில்லியம்ஸ், 30 வயதில் இறந்துபோன வில்லியம் ஹர்ல்ஸ்டோன். 1896இல் டெய்லரின் சிம்பொனியைக் கல்லூரிக் குழு வாசித்தபோது ஹோல்ஸ்ட் டிராம்போனோடும் வான் வில்லியம்ஸ் முக்கோணத்தோடும் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தச் சிம்பொனியின் கடைசிப் பகுதி அவருக்கு முடியவே இல்லை. எழுதினார், தூக்கிப்போட்டார், மறுபடி எழுதினார். ஸ்டான்ஃபோர்டுக்குத் திருப்தி வரவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததுதான் சுவையானது. பிராம்ஸ் தன் கிளாரினெட் ஐந்திசையை எழுதி சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கிளாரினெட்டும் நான்கு நரம்பு வாத்தியங்களும் சேரும் அந்த வடிவத்தில் பிராம்ஸின் நிழல் படாமல் இனி யாராலும் எழுத முடியாது என்று வகுப்பில் ஸ்டான்ஃபோர்டு சொல்லிவைத்தார். டெய்லர் போய் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். பார்த்துவிட்டு, செய்துவிட்டாயே தம்பி என்ற பொருளில் ஆசிரியர் வியந்துபோனார். பெர்லினுக்குப் போனபோது அந்தப் பிரதியை பிராம்ஸின் நெருங்கிய நண்பரான வயலின் மேதை யோவாகிமிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதை எழுதியபோது டெய்லருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை. அதில் கேட்பது பிராம்ஸின் சாயல் இல்லை. டெய்லர் தெய்வமாகக் கொண்டாடிய செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் சாயல். துள்ளும் தாளம், நாட்டுப்புறத்து வாசம், மெதுவான பகுதியில் அலங்காரமே இல்லாத ஒரு மெட்டு. இன்றைக்கு அவர் படைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கச்சேரிக்காரர் யாரும் பணம் கொடுத்துக் கேட்டு எழுதப்பட்டதில்லை இது.

எல்கர் கைகாட்டிய பையன்

1898இல் குளஸ்டர் நகரில் மூன்று தேவாலயங்களின் இசைவிழா. ஒரு புதுப் படைப்பு வேண்டும் என்று எட்வர்டு எல்கரைக் கேட்டார்கள். எனக்கு நேரமில்லை, கோல்ரிட்ஜ்-டெய்லரைக் கேளுங்கள், இளைஞர்களில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எழுதி அனுப்பினார் எல்கர். அன்றைக்கு எல்கரே பெரிய பெயர் இல்லை. அவரைத் தூக்கி நிறுத்திய ‘எனிக்மா வேரியேஷன்ஸ்’ மறுவருடம்தான் வந்தது. இளைஞரைப் பற்றி எல்கரிடம் சொன்னவர் நொவெல்லோ பதிப்பகத்தின் ஆகஸ்ட் யேகர். ‘எனிக்மா’வில் ‘நிம்ராட்’ என்ற பகுதியாக நிலைத்துவிட்ட அதே யேகர்.

செப்டம்பரில் குளஸ்டரில் ‘பாலட் இன் ஏ மைனர்’ ஒலித்தது. மேடை ஏறி வாத்தியக்குழுவை நடத்த வந்தவரைப் பார்த்ததும் சபையில் ஒரு சலசலப்பு. ஆங்கிலப் பெயரைப் பார்த்து ஆங்கில முகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள். வாசித்து முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. இரண்டு மாதத்தில் ஹயவாதா.

அந்தக் கவிதைக்கு இசை போடுவது சுலபம் என்று தோன்றும். உண்மையில் அது பொறி. லாங்ஃபெல்லோ, வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதைகளை எடுத்து, ஒரே அளவான அடிகளில், ஒரே தாள நடையில், நூறு நூறு வரிகளாகக் கட்டிக்கொண்டே போகிறார். பத்து நிமிடம் படித்தால் தலை ஆடத் தொடங்கும். இருபது நிமிடத்தில் தூக்கம். டெய்லர் அந்தத் தாளத்தை மறைக்கப் பார்க்கவில்லை. அதை அப்படியே பாடகர்கள் வாயில் கொடுத்துவிட்டு, அடியில் சுதியையும் வாத்திய வண்ணத்தையும் மாற்றிக்கொண்டே போகிறார். விருந்துக்கு யார் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யார் ஆடினார்கள் என்று ஊர்க்கதை பேசுவதுபோல் பாடகர் குழு சொல்லிச் செல்கிறது. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் நீளும் படைப்பில் தனிக்குரலுக்கு இடம் ஒன்றே ஒன்று: ஆண் குரலில் வரும் ‘ஓனவே, அவேக் பிலவட்’ என்ற காதல் பாட்டு. அதுவரை கூட்டமாகப் பாடியவர்கள் நிறுத்த, ஒரே ஒருவர் எழுந்து பாடும்போது சபை நிமிர்ந்து உட்காரும்.

ஊர்ப் பாடகர் சங்கங்கள் இதை அள்ளிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வடக்கு இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள், வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியைகள் என்று வேலை முடிந்து மாலையில் கூடிப் பாடுகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பாட்டெல்லாம் பெரும்பாலும் பைபிள் கதை. தீர்க்கதரிசிகளையும் வெள்ளப் பெருக்கையும் பாடிப் பாடிச் சலித்தவர்கள் கையில், பக்தி உபதேசம் ஏதுமில்லாமல் ஒரு கல்யாணத்தைக் கொடுத்தார் டெய்லர். பாட எளிது, கேட்க இனிது, விலையும் மலிவு.

அடுத்தடுத்து இரண்டு பகுதிகள். ஹயவாதாவின் மனைவி மின்னஹஹாவின் சாவு 1899இல் ஹான்லியில். ஹயவாதாவின் புறப்பாடு 1900 மார்ச்சில் ராயல் ஆல்பர்ட் ஹாலில். மூன்றும் சேர்ந்து ஒரு முழு மாலைக்கான நிகழ்ச்சி ஆயின.

15 கினி விஷயத்தையும் பேசிவிடலாம். நொவெல்லோ திருடவில்லை, அன்றைய வழக்கத்தின்படி வாங்கியது. பெயர் தெரியாத இளைஞரின் நீண்ட படைப்பை அச்சடிப்பது பதிப்பாளருக்கும் சூதாட்டம்தான். பெரும்பாலானவை விற்காது. மேடையில் பாடப்படும் ஒவ்வொரு முறைக்கும் இசையமைப்பாளருக்குக் கட்டணம் என்ற ஏற்பாடு பிரிட்டனில் அப்போது நடைமுறையில் இல்லை. ஆகவே, அச்சுப் பிரதியின் உரிமையை விற்றவருக்கு அத்தோடு எல்லாம் போயிற்று. சட்டம் அவரைக் கைவிட்டது என்பது சரி. ஆனால் விற்பனை இவ்வளவு பெருகிய பிறகும் அதில் அவருக்குப் பங்கு எதுவும் வரவில்லை என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வருமானத்துக்கு என்ன வழி? பாடம் சொல்லிக்கொடுத்தார். குராய்டனில் வயலின் வகுப்பு, 1903 முதல் டிரினிட்டி இசைக் கல்லூரி, 1910 முதல் கில்டுஹால் பள்ளி. ராச்செஸ்டர் பாடகர் சங்கத்தை நடத்தினார். லண்டன் ஹேண்டல் சங்கத்தைச் சாகும்வரை நடத்தினார். வேல்ஸில் நடக்கும் போட்டிகளுக்கு நடுவராகப் போனார். ஊர் ஊராக ஹயவாதாவை நடத்தக் கூப்பிட்டார்கள், போனார். இசை எழுத மிஞ்சிய நேரம் ரயிலிலும் விடியற்காலையிலும்.

இன்னொரு ஹயவாதா

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு பெரிய ஊரிலும் இசைவிழா நடக்கும். ஒவ்வொரு விழாவுக்கும் புதுசாக ஒரு பாடகர் குழுப் படைப்பு வேண்டும். லீட்ஸுக்கு 1901இல் ‘பிளைண்ட் கேர்ள்’, ஷெஃபீல்டுக்கு 1902இல் ‘மெக் பிளேன்’, ஹெர்ஃபோர்டுக்கு 1903இல் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் ‘அட்டோன்மெண்ட்’. தன் பெயருக்குக் காரணமான கவிஞரின் ‘குப்ளா கான்’ கவிதைக்கு 1906இல் இசை. ஒவ்வொன்றுக்கும் பத்திரிகைகள் எழுதிய விமர்சனத்தைச் சுருக்கினால் ஒரே வாக்கியம்: ஹயவாதா அளவுக்கு இல்லை. அதே பாணியில் எழுதினால் பழசையே எழுதுகிறார் என்றார்கள். மாற்றி எழுதினால் பழைய இனிமை எங்கே என்றார்கள். தொடக்கத்தில் கைகொடுத்த யேகரும் எல்கரும்கூடச் சில வருடங்களில் ஏமாற்றம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அவற்றில் பல சுமார்தான். அதை மறைத்துப் பயனில்லை. பிடிக்காத கதைக்கு, கெடு வைத்து, வாடகை கட்டுவதற்காக எழுதிய இசையில் அந்த அவசரம் தெரிகிறது. ஆனால் அதே காலத்தில், அதே கையால், நடிகர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ மேடையேற்றிய நாடகங்களுக்காக எழுதியவற்றில் அந்தக் களைப்பு இல்லை. ‘ஹெராட்’, ‘யுலிசஸ்’, ‘நீரோ’, ‘ஃபாஸ்ட்’, 1911இல் ‘ஒதெல்லோ’. நாடகக் கொட்டகையில் ஹயவாதாவை யாரும் எதிர்பார்க்கவில்லை. திரை ஏறும்போது மூன்று நிமிடம், சாவுக் காட்சிக்கு இரண்டு நிமிடம் என்று சின்னச் சின்ன வேலைகள். மனிதர் மூச்சு விட்டிருக்கிறார். 1911இல் வந்த ‘பெட்டீட் ஸ்வீட் டி கான்சர்ட்’ என்ற இலகுவான வாத்தியத் தொகுப்பு, ஓட்டல் வாத்தியக்குழுக்கள் முதல் கடற்கரைப் பந்தல்கள் வரை பல பத்தாண்டுகள் ஒலித்தது. அதை எழுதியவரின் பெயர் தெரியாமலே தலைமுறைகள் கேட்டன.

‘தெல்மா’ என்று ஓர் ஓபெராவும் எழுதினார், 1907க்கும் 1909க்கும் இடையில். கார்ல் ரோசா ஓபெரா நிறுவனம் வேண்டாம் என்றது. கையெழுத்துப் படி தொலைந்தது என்றே நூறாண்டு நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்தது. 2012இல் குராய்டனில் முதல்முறையாக மேடையேறியது.

தந்தையின் கண்டம்

கறுப்பரான தந்தையை அவர் பார்த்ததே இல்லை. ஆப்பிரிக்காவுக்கும் போனதில்லை. ஆனால் தெருவில் நடந்தால் ஆப்பிரிக்காவைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எதிரே இளவட்டங்கள் கூட்டமாக வந்தால் அப்பா என் கையை வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பார் என்று அவர் மகள் பின்னாளில் எழுதினார். கல்லூரியில் உடன் படித்த பியானோ மாணவி ஜெஸ்ஸி வால்ம்ஸ்லியை அவர் காதலித்தபோது பெண் வீட்டார் ஒத்துக்கொள்ளவே இல்லை. 1899 டிசம்பர் 30 திருமணம். முதல் நாள்தான் பெண்ணின் பெற்றோர் வந்து கைகுலுக்கினார்கள். பிறந்த மகனுக்கு வைத்த பெயர் ஹயவாதா. அது தந்தையின் பெருமிதமா, படைப்பிலிருந்து தப்பவே முடியாததன் அடையாளமா என்று யோசிக்கத் தோன்றுகிறது. பெருமிதமாகவே இருக்கட்டும்.

மேடையில் கிடைத்த கைதட்டல், தன் இனத்தைப் பற்றிய கேள்விகளை அவருக்கு மறக்கடித்திருக்கலாம். நடந்தது நேர்மாறு. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் லண்டன் வந்தபோது இருவரும் சேர்ந்து நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். டன்பாரின் கவிதைகளுக்கு டெய்லர் இசை போட்டார். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் குழுவான ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களை நடத்திய ஃபிரெடரிக் லௌடின் வழியாக, அடிமைகளாக இருந்தவர்கள் பாடிய பக்திப் பாடல்கள் அவர் காதில் விழுந்தன. ஹயவாதாவுக்குப் பிறகு அவர் எழுதிச் சேர்த்த முன்னிசையில், நான் படும் துன்பம் யாருக்கும் தெரியாது என்று தொடங்கும் அந்தப் பாடல்களில் ஒன்றின் மெட்டு வருகிறது. பழங்குடித் தலைவனின் கதைக்குள் அடிமையின் பாட்டு. கேட்டவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ.

1900 ஜூலையில் லண்டனில் நடந்த முதல் பான் ஆப்பிரிக்க மாநாட்டுக்கு மிக இளைய பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். அங்கேதான் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுடன் பழக்கம். 1905இல் ‘24 நீக்ரோ மெலடீஸ்’ என்ற பியானோத் தொகுப்பு வந்தது. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அறிமுகம் எழுதினார். பிராம்ஸ் ஹங்கேரிய இசைக்கும், த்வோர்ஷாக் போஹீமிய இசைக்கும், க்ரீக் நார்வே இசைக்கும் செய்ததைத்தான் இந்தப் பாடல்களுக்குச் செய்ய முயன்றேன் என்று முன்னுரையில் டெய்லர் சொல்கிறார். அடக்கமான வாக்கியம்தான். ஆனால் அந்தப் பாடல்களை வேடிக்கை மேடைகளில் முகத்தில் கரி பூசிக்கொண்டு நையாண்டி செய்துகொண்டிருந்த காலத்தில், அவற்றை பிராம்ஸின் வரிசையில் கொண்டுவந்து உட்கார வைக்கிற வாக்கியம் அது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் வேறு ஓர் உலகம் அவருக்காகக் காத்திருந்தது. 1901இல் வாஷிங்டனில் கறுப்பினப் பாடகர்கள் சேர்ந்து அவர் பெயரிலேயே ஒரு பாடகர் சங்கம் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் பல முறை அழைத்தபின் 1904இல் போனார். ஹயவாதாவைப் பாடியவர்கள் அனைவரும் கறுப்பர்கள், வாசித்தது அமெரிக்க மரைன் படையின் வாத்தியக்குழு, நடத்தியவர் டெய்லர். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் அவரை வரவேற்றார். அமெரிக்காவிலேயே குடியேறிவிடலாமா என்றுகூட யோசித்தார். 1906, 1910 என்று மேலும் இரண்டு பயணங்கள். 1910இல் அவர் நடத்திய வெள்ளை வாத்தியக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டம் ‘ஆப்பிரிக்க மாலர்’. மாலர் அப்போது நியூயார்க்கில் வாத்தியக்குழு நடத்திக்கொண்டிருந்தார். பாராட்டுத்தான். அதற்குள்ளும் நிறம் வந்து உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்.

ஊர் திரும்பினால் குராய்டன் பழைய குராய்டன். 1912 பிப்ரவரியில் பக்கத்து ஊர் விவாத மன்றம் ஒன்றில் கறுப்பர்கள் தாழ்ந்தவர்கள் என்ற தொனியில் ஒரு பாதிரியார் பேசியது உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. டெய்லர் கொதித்துப் பதில் எழுதினார். கறுப்பு ரத்தம் ஓடிய புஷ்கினையும் துய்மாவையும் இழுத்து வந்து கேள்வி கேட்டார். சாந்தமானவர், கூச்சசுபாவி என்று எல்லோரும் சொல்லும் மனிதரின் கடிதம் அது.

ரயில் நிலையம்

1910 அமெரிக்கப் பயணத்தின்போது கனெக்டிகட் மாநிலத்தின் நார்ஃபோக் இசைவிழாவை நடத்திய கார்ல் ஸ்டோக்கல் அவரிடம் ஒரு வயலின் கான்சர்டோ கேட்டார். வாசிக்கப்போகிறவர் மாட் பவல், அமெரிக்காவின் முன்னணி வயலின் கலைஞர். ‘24 மெலடீஸ்’ தொகுப்பின் ‘டீப் ரிவர்’ பாட்டை வயலினுக்கு மாற்றி 1911இல் இசைத்தட்டில் பதிவு செய்தவரும் அவரே. கறுப்பினப் பாடல் மெட்டுகளை வைத்து டெய்லர் முதலில் ஒரு வடிவம் எழுதி அனுப்பினார். யாருக்கும் பிடிக்கவில்லை, அவருக்கும்தான். அதை ஒதுக்கிவிட்டு, கடன் வாங்கிய மெட்டு ஒன்றுகூட இல்லாமல், புதிதாக முழுவதையும் எழுதினார். அனுப்பிய வாத்தியப் பிரதிகள் டைட்டானிக்கோடு மூழ்கின என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. தொலைந்தது வேறு கப்பலில் என்பதே ஆய்வாளர்கள் முடிவு. மறுபடி பிரதியெடுத்து அனுப்ப, 1912 ஜூன் 4 அன்று நார்ஃபோக்கில் பவல் வாசித்தார். எழுதியவர் அதைக் கேட்கவில்லை. அவர் லண்டனில் இருந்தார்.

ஆகஸ்ட் 28 அன்று மேற்கு குராய்டன் ரயில் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மயங்கி விழுந்தார். எப்படியோ வீடு வந்து சேர்ந்தார். நிமோனியா. செப்டம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை இறந்தார். படுக்கையில் தலையணைகளில் சாய்ந்தபடி, கையசைத்து, இல்லாத ஒரு வாத்தியக்குழுவை நடத்திக்கொண்டிருந்தார் என்று அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றை 1915இல் எழுதிய பெர்விக் சேயர்ஸ் பதிவு செய்கிறார். அதிக வேலைதான் கொன்றது என்று நண்பர்கள் சொன்னார்கள். நிமோனியாவுக்கு மருந்து இல்லாத காலம், ஓய்வெடுத்தவர்களும் செத்தார்கள். ஆனால் 37 வயது உடம்பில் எதிர்த்துப் போராடத் தெம்பு மிச்சமில்லாமல் போனதற்கு அந்த ரயில் பயணங்களுக்கும் பங்கு இருக்கத்தான் வேண்டும்.

மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வெறுங்கையோடு நின்றது ஊருக்குத் தெரிந்தபோது, கொஞ்சம் வெட்கம் வந்தது. ஆல்பர்ட் ஹாலில் நினைவுக் கச்சேரி வைத்துப் பணம் திரட்டினார்கள். ஜெஸ்ஸிக்கு ஆண்டுக்கு 100 பவுன் அரசு ஓய்வூதியம் தந்தார் மன்னர். 1914இல் மேடைக் கட்டணம் வசூலித்து இசையமைப்பாளர்களுக்குக் கொடுக்க பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி உருவானது. அதற்கு டெய்லரின் கதியும் ஒரு தூண்டுதல் என்று அடிக்கடி சொல்கிறார்கள். அவர் ஒருவரால் வந்ததில்லை. புதிய காப்புரிமைச் சட்டமும் இசைத்தட்டு வணிகமும் சேர்ந்து வந்த காலம். அந்த வாதத்தில் எல்லோருக்கும் சட்டென்று நினைவுக்கு வந்த பெயர் அவருடையது.

செத்த பிறகும் ஹயவாதா அவரை விடவில்லை. 1924 முதல் 1939 வரை, இடையில் ஓராண்டு தவிர, ஆல்பர்ட் ஹாலில் ஆண்டுதோறும் அதை நாடகமாகவே நடத்தினார்கள். நூற்றுக்கணக்கான பாடகர்கள் இறகுத் தொப்பியும் தோல் உடையும் மாட்டிக்கொண்டு பழங்குடிகளாக மேடையேறினார்கள். 1928இலிருந்து மால்கம் சார்ஜெண்ட் நடத்தினார். உண்மையான மொஹாக் இனப் பாடகர் ஓஸ்கெனாண்டன் மருத்துவக் கிழவராக வந்தார். புறநகர்ப் பாடகர் சங்கத்து உறுப்பினர்கள் குடும்பத்தோடு ஒப்பனை போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தார்கள். பார்த்தவர்கள் கடைசிவரை அதைப் பேசினார்கள். இன்று அந்தப் படங்களைப் பார்க்கையில் கூசுகிறது. போருக்குப் பின் வழக்கம் நின்றது. அதோடு டெய்லரும் மறைந்தார். ஒற்றைப் படைப்பாகச் சுருக்கப்பட்டவர் அந்தப் படைப்போடு சேர்ந்து போகத்தானே வேண்டும்.

மகள் குவெண்டலின், பின்னாளில் ஆவ்ரில் என்று பெயரை மாற்றிக்கொண்டு தானும் இசையமைத்தார், வாத்தியக்குழு நடத்தினார். 1950களில் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். பார்க்க வெள்ளையராக இருந்ததால் முதலில் வேலை கிடைத்தது. தாத்தா யார் என்று தெரிந்ததும் அரசு வேலை செய்யவிடவில்லை. பார்த்தே இராத தாத்தா.

இப்போது நிலைமை மாறிவருகிறது. 2015இல் சி-சி நுவனோகு லண்டனில் தொடங்கிய சினேகே வாத்தியக்குழு, பெரும்பாலும் கறுப்பின, சிறுபான்மை இனக் கலைஞர்களைக் கொண்டது. டெய்லரைத் தொடர்ந்து வாசிக்கிறது, பதிவும் செய்கிறது. கேட்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: ஹயவாதாவில் தொடங்காதீர்கள். முதலில் கிளாரினெட் ஐந்திசையின் மெதுவான பகுதி. பிறகு பியானோவில் ‘டீப் ரிவர்’. வயலின் கான்சர்டோவை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியில் வயலின் நீண்ட மெட்டைப் பாடும்போது, இவர் இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று தோன்றும். அதன் பிறகு கல்யாண விருந்துக்குப் போகலாம். சும்மா சொல்லக்கூடாது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.